அறுபதுக்குள்ள அறுபது

...அட, அந்தக் குடையைக் கொஞ்சம் மடக்குங்கம்மா, எனக்கு அந்த வளைவு தெரியணும். வெயிலா? இதெல்லாம் ஒரு வெயிலா! ஏழு மாசமா இந்த மனுஷனோட எல்லா வெயிலும் பார்த்தாச்சு. உக்காருங்க, உக்காருங்க, பெஞ்சுல தாராளமா ரெண்டு பேரு உக்காரலாம். நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? பொண்ணா? ஓடட்டும், ஓடற வயசு. எங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசுன்னு நினைக்கிறீங்க? ஐம்பத்தொம்பது வருஷம், பதினோரு மாசம், இருபத்தாறு நாள். நான் எண்ணலைம்மா, அவரேதான் எண்ணிக்கிட்டிருக்காரு. காலையில பல் தேய்ச்சுக்கிட்டே, வாய் நிறைய நுரையோட, "இன்னும் நாலு நாள்"ங்கறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என்ன கூத்துன்னா, அறுபது வயசு ஆகறதுக்குள்ள பத்து கிலோமீட்டரை அறுபது நிமிஷத்துக்குள்ள ஓடிடணுமாம். அறுபதுக்குள்ள அறுபது. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, நாம என்ன ஓடவா போறோம்? பஸ் டிப்போல முப்பத்திரெண்டு வருஷம் டைம் கீப்பரா இருந்தவரு. ஒரு பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டா கிளம்பினா அன்னிக்கு மனுஷனுக்குச் சோறு இறங்காது. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தாரா... விரட்ட பஸ் இல்ல, தன்னையே விரட்ட ஆரம்பிச்சுட்டாரு. இதோ, இந்த ஸ்டாப் வாட்ச்சு அவரோடதுதான். என் கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. நாப்பத்தொம்பது நிமிஷம் ஆச்சு. அது ஒரு தனிக்கதை, சொல்றேன் இருங்க.

உங்க கைப்பக்கம் தையல் விட்டிருக்கு பாருங்க. யாரு தைச்சது? ரெடிமேடா? அதான். நான் தையல் கடை வெச்சிருக்கேன், கழுத்துல டேப்பைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. லீவு நாள்லயும் கழட்ட மாட்டேன், கழட்டினா கழுத்து என்னமோ வெறிச்சுனு இருக்கு.

எங்க விட்டேன்? ஆங்... ஏழு மாசத்துக்கு முன்னாடி மூணு பேரு என் கடையில கூடினாங்க. இவரு, இவரோட தங்கச்சி, அதான் என் நாத்தனா, அப்புறம் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரரு. மழை பிடிக்கறதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு சாதிச்சுக் காட்டணும்னு முடிவு பண்ணி, என் மார்க் சாக்கை எடுத்து நான் துணி வெட்டற மேஜையோட பக்கவாட்டுலயே எழுதி வெச்சாங்க. நல்லா இருக்குல்ல? ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கி எழுதக் கூடாதா? நாத்தனா ஏரியில அக்கரை வரைக்கும் நீந்தி, தொட்டுட்டுத் திரும்பி வரணும். கண்ணாடிக்கடைக்காரரு மலை ரோட்டுல கால் ஊணாம உச்சி வரைக்கும் சைக்கிள்ல ஏறணும்.

நாத்தனா நாலாவது மாசமே முடிச்சுட்டா. நான் கரையில உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், அவ ஏறி வந்து தலையைத் துவட்டிக்கிட்டே, "அண்ணி, சாப்பிட ஏதாவது கொண்டு வந்தியா?"ங்கறா! கண்ணாடிக்கடைக்காரரு மூணாவது தடவைதான் உச்சியைத் தொட்டாரு. தொட்ட உடனே சைக்கிளோட சாய்ஞ்சு விழுந்துட்டாரு. முழங்கை சிராய்ச்சு ரத்தம் வருது, "நான் கால் ஊணல, விழுந்தேன், ரெண்டும் வேற"ன்னு எல்லார்கிட்டயும் அடிச்சுப் பேசறாரு. சரின்னு விட்டுட்டோம். ரெண்டு பேரும் அவங்கவங்க வரியை அழிச்சாச்சு. இவரு வரி மட்டும் அப்படியே நிக்குது. நான் தினமும் அதுக்குப் பக்கத்துல நின்னுதான் துணி வெட்டறேன்.

இல்ல இல்ல, சும்மா இருக்கலை. ஓடறாரு. பனியோ குளிரோ, விடியறதுக்குள்ள கிளம்பிடுவாரு. ஏரிக்கரைப் பாதையில ஒரு கிலோமீட்டர் அளந்து, ரெண்டு முனையிலயும் கல்லுக்குச் சிவப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கோம். அஞ்சு தடவை போய் வந்தா பத்து. யாரு அளந்தாங்களா? நான்தான்! போன்லயே அளந்துக்கலாமேன்னு நாத்தனா எவ்வளவோ சொன்னா. மாட்டவே மாட்டேன்னுட்டாரு. "வானத்துல இருக்கறது என் ரோட்டை அளக்கறதா? நீ அள. முப்பது வருஷத்துல உன் அளவு எப்பவாவது தப்பியிருக்கா?"ன்னு என்கிட்ட வந்து நிக்கறாரு. எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்லணும்? என்னைப் பத்தி அப்படி நாலு நல்ல வார்த்தை அவர் வாயிலேர்ந்து வர்றதே அபூர்வம். இன்னிக்கு இந்தப் பத்து கிலோமீட்டர் போட்டி நடத்தறவங்க ரோட்டை அளக்க நேத்து குச்சி வெச்ச சக்கரத்தை உருட்டிக்கிட்டே போனாங்களே, பார்த்தீங்களா? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கையால அளக்கற மாதிரி வருமா?

முதல் மாசம் ஒரு மணி பதினாலு நிமிஷம். நாக்கு தள்ளிப் போச்சு. அப்புறம் ஒம்பது, ஆறு, மூணுன்னு குறைஞ்சுக்கிட்டே வந்து, ஒரு மணி ஒரு நிமிஷம் இருபது செகண்டுல வந்து நின்னுச்சு பாருங்க... அவ்வளவுதான். ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. ஏழு வாரம்! புது ஷூ வாங்கினாரு, அதே இருபது. மீசையை எடுத்தாரு, அதே இருபது. நானும் சும்மா இருந்தேனா? "ஒண்ணரை நிமிஷம் உங்களால குறைக்க முடியாதா? நீங்கதான் ஊரையே விரட்டினவராச்சே"ன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருந்தேன். உசுப்பி விட்டா ஓடுவாருன்னு நினைச்சேன்.

போன வாரம் ஓடிட்டு வந்து கட்டில்ல உக்காந்தாரு. ஒரு ஷூவைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டிருக்காரு. "எனக்கு வயசாயிடுச்சுடி"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லைம்மா. மூட்டு வலிக்குதுன்னு கூட ஒத்துக்க மாட்டாரு. இன்னிக்கு ஆகலேன்னா ஷூவைப் பரண்ல போட்டுடுவேன்னு சொல்லிட்டாரு. அப்புறம் என்ன, நாள் பூரா ஈஸிச்சேர்தான். அந்த ஈஸிச்சேர்ல அவரை உக்கார வெச்சுப் பார்க்கறதுக்கு என்னால ஆகாதும்மா. எவ்வளவு திட்டினாலும், அவரு ஓடிட்டு வந்து கதவைத் தட்டற சத்தம் எனக்கு வேணும்.

அதனாலதான் வாட்ச்சையும் குடுத்துட்டாரு. "இன்னிக்கு நேரம் பார்க்கப் போறதில்ல, கண்ணாடிக்கடைக்காரரோட பேசிக்கிட்டே ஜாலியா ஓடிட்டு வந்துடறேன்"னாரு. முகத்துல சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பைப் பார்த்தா அழுகை வரும் உங்களுக்கு.

ஐம்பத்தஞ்சு.

எப்படி அளந்தேனா? நல்லா கேட்டீங்க, யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க. துணி காயப்போடற நைலான் கயிறு. என் டேப்பு ஒண்ணரை மீட்டர், இருபது தடவை வெச்சா முப்பது மீட்டர். அந்தக் கயிறை வெச்சுப் பாதையை அளக்கணும், அவ்வளவுதானே. காட்டறேன் பாருங்க, இந்தத் தடுப்புக் கயிறு இருக்குல்ல... டேப்பை இப்படி வெச்சு, இழுத்துப் பிடிச்சு... சுருக்கம் இருக்கக் கூடாது... இங்க ஒரு புள்ளி. அப்புறம் ரெண்டு விரல் தள்ளி, மறுபடி டேப்பை வெச்சு, ஒரு புள்ளி. ரெண்டு விரல் தள்ளி...

எதுக்கு ரெண்டு விரலா? என்னம்மா இப்படிக் கேக்கறீங்க, தையலுக்கு விட வேணாமா? உள்ள துணி விடாம வெட்டினா நாளைக்குப் பிரிச்சு விட முடியுமா? என்கிட்ட தைச்சது பத்தலைன்னு இதுவரைக்கும் ஒருத்தர்...

...ரோடு.

ரோட்டை எங்க பிடிச்சுத் தைக்கப் போறோம்?

ஐயையோ! ஐயையோ, சிரிக்காதீங்கம்மா! கை அதுபாட்டுக்கு விட்டிருக்கு! முப்பது வருஷப் பழக்கம், என்னைக் கேட்டா விடுது? இருபது தடவை... தடவைக்கு ரெண்டு விரல்... அப்ப கயிறு முப்பது மீட்டரே இல்லையா? நீங்க கணக்கு டீச்சரா! கடவுளே, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? சொல்லுங்க, சொல்லுங்க டீச்சர், பத்து கிலோமீட்டருக்கு எவ்வளவு கூடுதல்? ரெண்டு விரல்னா நாலு சென்டிமீட்டர் வெச்சுக்கோங்க... கயிறுக்கு எண்பது... எவ்வளவு? இருநூத்தி அறுபத்தேழு மீட்டரா!

ஏழு மாசமா மனுஷன் தினமும் கால் கிலோமீட்டர் சும்மா ஓடியிருக்காரா? அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒண்ணரை நிமிஷமா? அப்படின்னா அந்த ஒரு மணி ஒண்ணு இருபது... ஏழு வாரம் முன்னாடியே தொட்டுட்டாரா! தொட்டவரைத்தான் நான் உக்கார வெச்சுத் திட்டிக்கிட்டிருந்தேனா! "முடியாதா உங்களால"ன்னு... பாவி, பாவி, என் வாயில மண்ணு! வயசும் ஆகல, ஒண்ணும் ஆகல, அளவு தப்பு!

மணி என்ன? ஐம்பத்தெட்டா? அதோ! அதோ வளைவுல, நீலப் பனியன், அவருதான்! வந்துட்டாரு டீச்சர், அங்கேர்ந்து இங்க இருநூறு மீட்டர்தான், வந்துடலாம், தாராளமா... ஏன் நிக்கறாரு? தண்ணி மேஜையில நிக்கறாரு! என் நாத்தனாதான் அங்க தண்ணி குடுக்கறா. டம்ளரை வாங்கி, இடுப்புல கை வெச்சு, ஆற அமர... கண்ணாடிக்கடைக்காரர் என்னமோ சொல்றாரு, இவரு சிரிக்கறாரு... சிரிக்கற நேரமா இது?

ஏங்க! ஏங்க, ஓடுங்க! கயிறு தப்புங்க! கயிறு!

கையாட்டறாரு பாருங்க! நான் டாட்டா காட்டறேன்னு நினைச்சுட்டாரு! தள்ளுங்கப்பா, கொஞ்சம் தள்ளுங்க, நான் பெஞ்சு மேல ஏறணும். கையைக் குடுங்க டீச்சர். ஏங்க! ஐம்பத்தெட்டு நாப்பது! கேக்குதா? ஐம்பத்தெட்டு நாப்பது!

கேட்டுடுச்சு! நேரத்தைச் சொன்னாத்தான் இந்த மனுஷனுக்குக் காதே கேக்கும்! டம்ளரைத் தூக்கிப் போட்டுட்டாரு, கண்ணாடிக்கடைக்காரர் சட்டை பூரா தண்ணி! ஓடுங்க! ஐம்பத்தொம்பது! அந்தம்மாவைத் தாண்டுங்க! பார்த்தீங்களா டீச்சர், அந்தக் காலைப் பார்த்தீங்களா, அறுபது வயசுக் காலா அது? பத்தொம்பது... இருபது... அழலைம்மா, கண்ணுல தூசி... இல்ல, அழறேன், அழுதா என்ன இப்ப? முப்பத்தஞ்சு! வாங்க! நாப்பது! வாங்க, வாங்க, வாங்க...

நாப்பத்தேழு! ஐம்பத்தொம்பது நாப்பத்தேழு! முடியற கோட்டுக்கு மேல இருக்கற பெரிய கடிகாரத்துலயும் அதேதான்!

ஏங்க, மெதுவா, மூச்சு விடுங்க முதல்ல. ஆமாங்க, நிஜம்தாங்க, இதோ வாட்ச்சைப் பாருங்க, உங்க வாட்ச்சுதான். சிரிங்க, சிரிங்க, இன்னும் நல்லா சிரிங்க. என்னது? தண்ணி குடிச்சு, பேசிக்கிட்டே ஓடி வந்தும் ஒண்ணரை நிமிஷம் எப்படிக் குறைஞ்சுதா? அது... அதைத்தான் இந்த டீச்சர் இப்ப அழகா கணக்குப் போட்டு... டீச்சர், நீங்களே சொல்லிடுங்க. டீச்சர்? இங்கதாங்க இருந்தாங்க, இப்பக் கூடக் கையைப் பிடிச்சுக்கிட்டு... அதோ, குடை போகுது. பொண்ணு வந்துடுச்சு போல. நல்லா விட்டுட்டுப் போனாங்க என்னை.

சரி. இப்படி உக்காருங்க. கோவப்படக் கூடாது. சத்தியமா கோவப்பட மாட்டீங்களே? ஒண்ணுமில்லைங்க... ஏழு மாசமா உங்க ரோட்டை நான் கொஞ்சம் லூஸா வெட்டிட்டேன்.