ஒரே மரத்தில் இரு வெற்றி கண்ட தச்சருக்கு

தீப்ஸ் நகரத்துத் தச்சர் திலகமே! கோடரி ஏந்திய கோமானே! ஊர் ஏரி விலாங்கு மீனைச் சுட்டு எங்களுக்கு வயிறாரப் படைத்துவிட்டு, "பாராட்டெல்லாம் எதுக்குப்பா, சாப்பாடு ஆறிடப் போகுது" என்று இப்போதும் பதறிக்கொண்டிருக்கும் பண்பின் சிகரமே! அகவை அறுபது நிறைந்து, படைப்பட்டியலிலிருந்து இன்று விடைபெறும் அண்ணல் கபிசியாஸ் அவர்களே! வணக்கம்.

பகைவன் எங்கே புறங்காட்டினானோ அங்கேயே ஒரு மரத்தை வெட்டி நட்டு, அவன் கவசத்தை அதில் மாட்டி, வெற்றிக்கம்பம் எழுப்புவது நம் தொழில். ஏதென்சுக்கு அடியேன் மெனிப்போஸ், ஸ்பார்ட்டாவுக்கு யூதாமோஸ், தீப்ஸுக்குத் தாங்கள். ஊரால் ஒருவருக்கொருவர் எதிரிகள், உளியால் உறவினர்கள்!

கடலெல்லாம் எம் கலமே என்று மார்தட்டிய எங்கள் ஏதென்ஸ், ஸ்பார்ட்டாவோடு ஒரு தலைமுறைக் காலம் மோதி, மதிலையும் இழந்து மண்டியிட்டதைத் தாங்கள் மீசை அரும்பும் வயதில் கண்டீர்கள். வென்ற ஸ்பார்ட்டா கிரேக்கம் முழுமைக்கும் நாட்டாமை செய்து, தீப்ஸ் கோட்டைக்குள்ளேயே தன் காவல்படையைக் குடிவைத்ததையும் பல்லைக் கடித்துப் பொறுத்தீர்கள். எல்லாருக்கும் ஒரு காலம் வரும் அல்லவா? லியூக்ட்ரா போரில் தீப்ஸ் எழுந்தது, ஸ்பார்ட்டா சாய்ந்தது.

தோல்வியே அறியாத ஸ்பார்ட்டர்கள் அன்று கம்பத்துக்கான கட்டையை ஊரிலிருந்தே சீவி வண்டியேற்றி வந்திருந்தார்கள்! மாலையில் தலைகுனிந்து நின்ற யூதாமோஸிடம், "தம்பி, அந்தக் கட்டை சும்மாதானே கெடக்கு? நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்ட தங்கள் குறும்பை என்னென்பது! "எடுத்துக்கங்கண்ணே. நல்லாக் காஞ்ச மரம், வெடிக்காது" என்று அவரும் தொழில் சுத்தமாகவே பதில் சொன்னாராம். அன்று தொடங்கியது இந்த அண்ணன் தம்பி உறவு.

ஆயினும் ஐயனே, நாங்கள் தங்களைக் கையெடுத்துக் கும்பிடுவது மாண்டினியாவுக்காக. ஒன்பது ஆண்டு ஓங்கி நின்ற தீப்ஸ், வென்றுகொண்டிருந்த வேளையிலேயே தன் தலைவனைப் பறிகொடுத்துத் திகைத்து நின்ற களம் அது. வென்றவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் அன்று ஓரணி. ஆகவே யூதாமோஸும் நானும் கம்பம் நட வந்தோம். எதிரே தாங்களும் வந்தீர்கள். இருந்ததோ ஒற்றை ஓக் மரம்! இரு பக்கத்துக் காவலரும் வாளில் கை வைத்துவிட்டார்கள். அதே களத்தில், தங்கள் அணிக்குப் பின்னால், யூதாமோஸின் தம்பி பிணமாய்க் கிடந்தான். பிணத்தைக் கேட்பவனே தோற்றவன் என்பது நம் நாட்டு முறை. கேட்டால் ஸ்பார்ட்டா தோற்றதாகும். கேளாவிட்டால் தம்பி காக்கைக்கும் நாய்க்கும் இரையாவான். கோடரியைப் பிடித்தபடி அவர் தங்கள் அணிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, மூஞ்சியே சரியில்லையே?" என்றீர்கள்.

"தம்பி உங்க பக்கம் கெடக்கான்ணே. கேக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"எங்க பசங்களும் உங்க பக்கம் கெடக்கானுங்க. எனக்கும் அதே உத்தரவுதான்" என்று சொல்லி மரத்தை அண்ணாந்து பார்த்தீர்கள். "அடிமரம் உனக்கு, கிளை பிரியற கவைக்கு மேல எனக்கு. நீயும் நடு, நானும் நடறேன். ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு. அப்புறம் ரெண்டு பேரும் தோத்தவன் மாதிரி பசங்களைக் கேட்டு வாங்கிக்குவோம். யாருக்கு என்ன நட்டம்?"

"அதெப்படிய்யா ரெண்டு பேரும் ஜெயிக்கிறது?" என்று சீறினார் தங்கள் படை அதிகாரி.

"சரி, நீங்க ஜெயிச்சீங்களா? சொல்லுங்க" என்றீர்கள்.

அவர் களத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்போ வந்து மரத்தைப் பிடிங்க. சாயப் போகுது!" என்றபடி வெட்டத் தொடங்கினீர்கள்.

அதிகாரி மரத்தைப் பிடித்தார்! காவலர்கள் சிரித்துவிட்டார்கள், கைகள் வாளை விட்டன. இரு கம்பங்களும் எழுந்தன, இரு தரப்புத் தூதரும் பிணம் கேட்டு நடந்தார்கள், பொழுது சாயுமுன் இரு தரப்புப் பிள்ளைகளும் உரியவர் கைக்கு வந்து சேர்ந்தார்கள். எத்தனையோ பேர் வாளெடுத்துப் பெறாத பெரும்பேற்றைத் தாங்கள் வாயெடுத்துப் பெற்றுத் தந்தீர்கள்!

ஓய்வறியா உழைப்பாளரே! மூட்டுவலி அண்டாமல், முதுகு வளையாமல், மனையாளோடும் மக்களோடும், வற்றாத ஏரியோடும் வழுக்கும் விலாங்கோடும் நூறாண்டு வாழ்க! தங்கள் கோடரி இனி அடுப்புக்கு விறகு பிளந்தே தேயட்டும்! நாங்கள் அடிக்கடி உண்ண வருவோம்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
மூன்று ஊர்க் கம்பத் தச்சர்களுக்காக,
ஏதென்ஸ் மெனிப்போஸ்.

யூதாமோஸ் தம் பெயரோடு இதையும் எழுதச் சொன்னார்:
"அண்ணே, என் தம்பிக்கு என் கையாலயே மண்ணு போட்டேன். நல்லா இருங்க."