வந்தவரைப் பற்றி நாலு பக்கம்

— வினாயகமூர்த்தி சேர், ஓட்டமாவடி பஸ் போயிரும். ஸ்டாஃப் ரூம் வாசல மறிச்சுக்கொண்டு நிண்டா நான் எப்பிடிப் போற?

— அடுத்த பஸ் இரிக்கு நபீஸா டீச்சர். ஒரே ஒரு கேள்வி. பதினோராம் வகுப்புக்கு நீங்க என்னத்தப் படிப்பிச்சீங்க? பெல் அடிச்சும் ஒருத்தரும் எழும்பிறாங்க இல்ல. இருபத்திரெண்டு வருசமா நான் அந்த வகுப்புக்குச் சரித்திரம் படிப்பிச்சன். பெல் அடிக்க முந்தியே புத்தகம் மூடுற சத்தம் கேக்கும்.

— அதப் பாக்கத்தானா செவ்வாக்கிழம ஜன்னலுக்குப் பின்னால நிண்டீங்க?

— நானா? நான் போர்டுல எழுத சோக் கட்டி தேடினன்.

— செவ்வரத்த மரத்துக்குள்ளயா?

— பொறாம எண்டு நினைச்சிராதீங்க டீச்சர். பொறாமதான். ஆனா அப்பிடி நினைச்சிராதீங்க.

— அல்லாஹ்வே! சரி, சொல்றன். நாப்பத்தெட்டாம் ஆண்டு இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். தேயிலத் தோட்டத்துச் சனத்துக்கிட்ட, உன்ட அப்பன் இந்த நாட்டுலதான் பொறந்தான் எண்டதுக்குக் காயிதம் காட்டு எண்டு கேட்ட கத. காட்ட ஏலாதவன் வந்தான் வரத்தான், ஊருக்குச் சொந்தமில்லாதவன்.

— அது என்ட நோட்ஸ்லயும் இரிக்கு. ஆறு குறிப்பு. சிவப்புப் பேனையால கோடு போட்டுக் குடுத்திரிக்கன்.

— ஆறும் புள்ளைகளுக்கு மனப்பாடம் சேர். சொல்லச் சொன்னா சொல்லுவாங்க, சொல்லிக்கொண்டே கொட்டாவி விடுவாங்க. அதான் ஒரு வேல குடுத்தன். உங்கட ஊட்டுக்கோ ஊருக்கோ வெளியில இருந்து வந்த ஒராளப் பத்தி எழுது. அவர் வந்த நேரம் மத்தவங்க என்ன சொன்னாங்களோ, அத சொன்ன சொல்லாவே எழுது எண்டு.

— மலைநாட்டுல இருந்து வந்தவங்கள எழுதிருப்பாங்க.

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். முப்பத்திநாலு புள்ளைகள். முப்பத்திமூண்டு பேர் எழுதினது அவங்கவங்கட அப்பாவ!

— ஐயோ, ஓம்தானே! இஞ்ச கலியாணம் முடிச்சா ஆம்பிளதானே பெட்டியத் தூக்கிக்கொண்டு பொம்பிளட வீட்டுக்குப் போற!

— எங்கட முஸ்லிம் பக்கமும் அதுதான். என்னக் கட்டின மாப்பிள ஏறாவூருல இருந்து உம்மாட ஊட்டுக்கு வந்து பதினொரு வருசம். இண்டைக்கும் முன்கதவுப் பூட்டுட தொறப்பு அவருக்கிட்ட இல்ல.

— என்னக் கேளுங்க. பழுகாமத்துல இருந்து கல்குடாவுக்கு ஒரு சூட்கேசும் ஒரு குடையுமா வந்தன். மாமி குடைய உள்ளுக்கு எடுத்தா, என்ன வெளியில விட்டா. கோயில் கூட்டத்துல நான் வாயத் திறந்தா, 'மாப்பிள இரிங்க, ஊர்க் குடிகள் கதைக்கட்டும்' எண்டுவாங்க. என்ட மகளுக்கு அந்தக் கோயில்ல தாய்வழிக் குடி உரிம இரிக்கு. எனக்கு அன்னதானத்துக்குச் சாம்பார் வாளி தூக்குற உரிம.

— சிரிக்க வைக்காதீங்க சேர், பஸ்ஸுக்கு ஓட ஏலாது.

— டீச்சர், என்ட மகள் நிருஷா நாலு பக்கம் எழுதினாளாம். வகுப்பே சொல்லுது.

— ஓம். எழுதினாள்.

— எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கூட அவள் ரெண்டு சொல்லுக்கு மேல எழுதினதில்ல. இப்ப மூண்டு கிழமையா அந்த ரெண்டு சொல்லும் இல்ல. சோத்தக் கோப்பையில போட்டுக்கொண்டு அறைக்குள்ள போறாள். நபீஸா டீச்சர் இப்பிடிச் சொன்னா, நபீஸா டீச்சர் அப்பிடிச் சிரிச்சா எண்டு தாயோட மட்டும் கத. நான் சுவருக்கு இங்கால இருந்து கேக்கன். சரித்திரம் படிச்ச அப்பன் வீட்டுக்குள்ள குந்தியிரிக்க, சரித்திரத்துக்கு ஓட்டமாவடியில இருந்து ஆள் எடுக்கிறாள்.

— அதுக்கா அதிபருக்கிட்டப் போய் வகுப்பத் திரும்பக் கேட்டீங்க?

— ஆர் சொன்ன? பொய்... ஓம், கேட்டன். வகுப்பு வந்தா மகளும் வருவாள் எண்டு நினைச்சன். மோட்டு நினைப்பு. நீங்களே வச்சிரிங்க வகுப்ப. அந்த நாலு பக்கத்த மட்டும் காட்டுங்க. என்னப் பத்தி அவ்வளவு எழுத என்னதான் இரிக்கு எண்டு பாப்பம்.

— தாள் என்னட்ட இல்ல சேர். அவளுக்கிட்டத் திருப்பிக் குடுத்திட்டன். பொறகு, அவள் உங்களப் பத்தி எழுதல்ல. அந்த முப்பத்திநாலாவது ஆள் நிருஷாதான்.

— அப்ப ஆரப் பத்தி?

— என்னப் பத்தி.

— என்ட அந்த இடத்தையுமா எடுத்திட்டீங்க!

— ஜனவரியில நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்தன்தானே. அண்டைக்கு உங்கட ஊட்டுச் சாப்பாட்டு மேசையில என்ன சொன்ன எண்டு எழுதிரிக்காள். தாள் இல்லாட்டியும் எனக்கு மனப்பாடம். சொல்லவா?

— வேணாம்... சொல்லுங்க.

— 'ஓட்டமாவடியில பள்ளிக்கூடம் இல்லாமலா இவ இஞ்ச வாறா? இண்டைக்கு ஒரு வகுப்பு, நாளைக்குப் பள்ளிக்கூடமே அவங்கட. வந்தான் வரத்தானுக்கெல்லாம் இரிக்கக் கதிர போட்டுக் குடுங்க.'

— அண்டைக்கு மனிசி சோத்துக்கு வச்ச மீன் ஆணம் சரியான உறைப்பு டீச்சர். அந்த உறைப்புல... இல்ல. ஆணத்துல ஒரு பிழையும் இல்ல. நான்தான் சொன்னன்.

— தெரியும் சேர்.

— மூண்டு கிழமையா இத நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டா எனக்கு ஒவ்வொரு நாளும் காலையில குட்மோர்னிங் சொன்னீங்க?

— சத்தமாத்தான் சொன்னன். நீங்கதான் சோக் கட்டி தேடிக்கொண்டு நிண்டீங்க.

— அவளுக்கு எத்தின புள்ளி போட்டீங்க?

— இருபதுக்குப் பதினாறு.

— நாலு ஏன் குறைச்ச? சொன்ன சொல் ஒண்டும் விடாம எழுதிரிக்காளே.

— சொல் இரிக்கி, சொன்னவர் இரிக்கி. ஏன் சொன்னார் எண்டது இல்ல. நாப்பத்தெட்டுல சட்டம் போட்டவங்களுக்கிட்ட இனிப் போய்க் கேக்க ஏலாது, உனக்கு ஏலும், உங்கட அப்பாட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வா எண்டு தாளத் திருப்பிக் குடுத்தன். மூண்டு கிழமையா அவள் அறைக்குள்ள போய் இருந்து, எழுதி எழுதி வெட்டுறது அந்தக் கேள்வியத்தான் சேர்.