வைக்கோல் கன்று

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் சாரலுக்காகத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் ஒரு சபை உபதேசியார். அவர் பக்கத்தில், போன மாதம் அம்மை கண்டு மகளைப் பறிகொடுத்த ஒரு தாய். அவர்கள் பேச்சிலிருந்துதான் அது எனக்குத் தெரிந்தது.

"உம்மக ஆண்டவர் மடியில சுகமா இருக்கா, மரியம்மா. அத நெனச்சு ஸ்தோத்திரம் சொல்லு."

"எங்க பசுவோட கன்னு செத்தப்ப, அது தோலுக்குள்ள வைக்கோலத் திணிச்சு நிறுத்துனது நீங்கதான ஐயா?"

"ஆமா. கன்னு முன்னால இல்லன்னா பசு பால் தராதுல்லா."

"இப்பவும் அத நக்கிக்கிட்டேதான் பால் சொரக்குது. அது கன்னு இல்லன்னு பசுவுக்குத் தெரியாதுன்னா நெனைக்கீய?"

"வாயில்லா ஜீவனுக்கு என்ன தெரியும்? மனுசன மட்டுந்தான் ஆண்டவர் தம்ம சாயலாப் படச்சிருக்காரு."

"தெரியும் ஐயா. கறக்கும்போது அது கண்ணப் பாத்திருக்கேன்."

உபதேசியார் வேதப்புத்தகத்தின் அட்டையில் விழுந்திருந்த தூறலைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வருவல்லா?"

"வருவேன். எங்க பசுவும் இன்னும் பால் தந்துக்கிட்டுத்தான இருக்கு."