இடது கைக்கு ஒரு டில்லர்

— சுருக்கமாச் சொல்றேன்மா. அறுபது குதிரை சக்தி டிராக்டர், முன்னாடி இரும்புக் கொடுக்கு. வெட்டிப் போட்ட கொப்பு, கிளை, முள்ளு எதுவானாலும் ஒரே அள்ளுல அள்ளிடும். உங்க தோப்பு ரெண்டே நாள்ல தலைவாரி விட்ட மாதிரி ஆயிடும்.

— அந்த வண்டி எத்தனை அடி அகலம், தரகரே?

— அகலத்தை ஏன் கேக்கறீங்க, பலத்தைக் கேளுங்க.

— அகலத்தைத்தான் கேக்கறேன்.

— ஏழு... சக்கரத்தோட சேர்த்தா ஏழரை அடி இருக்கும்.

— எங்க தோப்புல மரத்துக்கு மரம் எட்டடி. ரெண்டு பக்கமும் சேர்த்து அரையடிதான் மிஞ்சும். ஒரு தடவை உரசினாப் போதும், பட்டை உரிஞ்சு பூச்சி ஏறிடும். ஓடைப் பக்கம் வேற மண்ணு நொதநொதன்னு கிடக்கு. உங்க வண்டி அங்க இறங்கினா, அதை வெளிய இழுக்க இன்னொரு வண்டி வேணும்.

— அதுவும் என்கிட்ட இருக்கு! சுருக்கமாச் சொல்றேன்...

— தரகரே, நீங்க சுருக்கமாச் சொல்ல ஆரம்பிச்சு அரை மணி நேரமாச்சு. வாசல்ல எங்க அண்ணி வந்த வேனை அடைச்சுக்கிட்டு உங்க வண்டி நிக்குது.

— எடுத்துடறேன்பா மெக்கானிக், கோவிச்சுக்காத. அம்மா, மனசு மாறினா உங்க கொழுந்தன்கிட்ட சொல்லி அனுப்புங்க.

— மாறாது. போயிட்டு வாங்க.

— அப்பாடா. கிளம்பிட்டாரு. சொல்லுங்க அண்ணி. எட்டு மாசம் கழிச்சு என் பட்டறைக்கு வந்திருக்கீங்க. அந்த ஆளை விரட்டறதுக்கா வந்தீங்க?

— நீயும்தான் எட்டு மாசமா எங்க வீட்டுப் பக்கம் தலைகாட்டல. உனக்கு நான் சளைச்சவளா?

— உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் வேண்டாம், பூரா கிரீஸ். இந்தப் பெட்டி மேல உக்காருங்க.

— உக்கார வரல தம்பி. மூலையில சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கியே, அது எங்க பவர் டில்லர்தானே?

— ஆமா. சர்வீசுக்கு வந்தது. அப்புறம்... யாரும் கேக்கல, நானும் கொண்டாந்து விடல.

— இப்ப கேக்கறேன். ஆறு வாரம்தான் இருக்கு. காத்து காய ஆரம்பிக்கறதுக்குள்ள தோப்புக்குள்ளயும், சுத்திப் பன்னெண்டடிக்கும் ஒரு சருகு, ஒரு கொப்பு கிடக்கக் கூடாது. கிடந்தா குத்தகையை வேற ஆளுக்கு மாத்திடுவோம்னு தோப்புக்காரங்க எழுதியே குடுத்துட்டாங்க. பக்கத்துத் தோப்பு போன வருஷம் எரிஞ்சதுலேர்ந்து அவங்களுக்குப் பயம். எனக்கும்தான்.

— ஆள் வெச்சு அள்ளலாமே?

— வந்த ரெண்டு பேரு அரை நாள் பாத்துட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் போனவங்கதான். இடுப்பு உயரத்துக்குக் கொப்பு கிடக்கு தம்பி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு. ஒரு கிளையை இழுத்தா ஊரே சேர்ந்து வருது. டில்லர்தான் சரி. ரெண்டே முக்கால் அடி அகலம். நான் அளந்திருக்கேன்.

— டில்லர் உழுறதுக்கு உள்ளது அண்ணி. கொப்பு வார்றதுக்கு சரிப்பட்டு வராது.

— முன்னாடி ஒரு வாரி வெச்சுக் குடு. பல்லு வெச்ச வாரி. தள்ளிக்கிட்டே போயி பாதை ஓரத்துல குவிச்சா ஆச்சு.

— பல்லு மண்ணுல குத்தும். வெட்டின மரத்தோட அடிக்கட்டையில மாட்டும். மாட்டினா பிடி தூக்கி ஓட்டறவன் தாடையில அறையும்.

— குத்தாம, மாட்டாம செய்யத் தெரியாதா உனக்கு?

— தெரியாம என்ன? லாரி ஸ்பிரிங் பட்டாவை அறுத்து, நுனியைக் கொஞ்சம் மேல வளைச்சா மண்ணு மேல வழுக்கிக்கிட்டுப் போகும். ஒவ்வொரு பல்லுக்கும் பின்னாடி ஒரு ஸ்பிரிங் குடுத்தா கட்டையில பட்டதும் அதுவே மடங்கி... இருங்க, என்னை எங்க இழுத்துட்டுப் போறீங்க?

— நான் எங்க இழுத்தேன், நீதானே போற. போ, நல்லாத்தான் போகுது. அடுத்தது, கிளட்ச், ஆக்சிலேட்டர், திருப்புற பிடி, எல்லாத்தையும் இடது பக்கம் மாத்தணும்.

— எல்லாமேவா?

— எல்லாமே. வலது பிடியில இரும்புத் தகட்டை அரைவட்டமா வளைச்சு, உள்ள ரப்பர் ஒட்டிக் குடு. கையை அதுல வெச்சு அழுத்தற மாதிரி. பெல்ட்டு கில்ட்டு எதுவும் போட்டுக் கட்டாத. வண்டி சாய்ஞ்சா கை சட்டுன்னு வெளிய வரணும்.

— அண்ணி... இது அண்ணனுக்கா?

— வலது கையில முழங்கைக்குக் கீழ நாலு விரல் அளவு மிச்சம் இருக்கு. டாக்டர் போதும்னு சொல்லிட்டாரு. அழுத்தறதுக்கு அது தாராளம்.

— அண்ணன் ஓட்டறேன்னு சொன்னாரா?

— வாயைத் திறந்து சொல்லல. எட்டு மாசமா கட்டில்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தவரு, நேத்து நான் டில்லர்னதும் திரும்பிப் பாத்தாரு. இந்தக் குச்சியை எடுத்துட்டுப் போனேன், கையை நீட்டினாரு.

— அது என்ன குச்சி?

— உங்க அண்ணன் இடது கை. தோள்லேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும். என் கையைவிட நாலு விரல் நீளம். இந்தா, வெச்சுக்கோ.

— டில்லருக்குக் கை நீளம் எதுக்கு?

— டில்லருக்கு இல்ல.

— வேன்ல தார்ப்பாய் போட்டு மூடியிருக்கீங்களே... அது என்ன?

— நீ நினைக்கிறதுதான்.

— வேண்டாம் அண்ணி. வேன்காரனைத் திருப்பிக் கொண்டு போகச் சொல்லுங்க.

— குவிச்சு வெச்ச கொப்பை என்ன பண்றது? அங்கேயே விட்டா மலை மாதிரி காஞ்சு கிடக்கும். ஒரு பொறி போதும். அரைச்சுத் தூளாக்கி மரத்தடியில பரப்பினா ஈரத்தையும் பிடிச்சு வெக்கும். அரவை மிஷின் இல்லாம நடக்காது.

— அந்த மிஷினை நான் தொட மாட்டேன். வேற பட்டறையைப் பாருங்க.

— வேற பட்டறையில அந்த மிஷினைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் அதோட ஒவ்வொரு நட்டும் தெரியும்.

— தெரியும்! அதனாலதான் சொல்றேன்! ராத்திரி கண்ணை மூடினா அதுதான் ஓடுது. அண்ணன் ஆஸ்பத்திரியில என்ன சொன்னாரு தெரியுமா? கவட்டைக் கொப்பு ஒண்ணு சட்டைக் கையில மாட்டி உள்ள இழுத்துச்சாம். மிஷினை நிறுத்துற கம்பியை நெஞ்சால மூணு தடவை இடிச்சாராம். அசையவே இல்லியாம். ஏன் அசையல? நீல நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு. என் பட்டறைக் கயிறு அண்ணி அது.

— தம்பி...

— இருங்க, இன்னைக்காவது சொல்லி முடிச்சுடறேன். மொத நாள் சாயங்காலம் பெல்ட்டு டைட் பண்ண நான்தான் உங்க கொட்டகைக்கு வந்தேன். ஓட்டிப் பாக்கறப்போ கொப்பு கம்பியில இடிச்சு இடிச்சு மிஷின் நிக்குதேன்னு நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன். அவிழ்த்தேனா இல்லியா? எட்டு மாசமா யோசிக்கிறேன். கட்டினது ஞாபகம் இருக்கு. அவிழ்த்தது ஞாபகம் இல்ல. அந்தக் கை பிடிச்சுக்கிட்டு வர சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டவன் நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வரச் சொல்றீங்க?

— தண்ணி குடி.

— வேண்டாம்.

— குடி மொதல்ல. உன்கிட்ட போகச் சொன்னதே உங்க அண்ணன்தான்.

— அண்ணனா?

— வேன்ல ஏத்தறப்போ வாசல் வரைக்கும் வந்து நின்னாரு. "தம்பிகிட்ட போ. அவன் செஞ்சாத்தான் சரியா இருக்கும்"னாரு. ஒரு வாரத்துல என்கிட்ட பேசினது அந்த ஒரு பேச்சுதான்.

— ஒரு வாரமா பேசலியா? உங்ககிட்டயா? ஏன்?

— பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும். வேலையைப் பேசுவோம்.

— என்மேல அவருக்குக் கோவம் இல்லியா?

— கோவம் இருக்கு. உன்மேல இல்ல. குச்சியைப் பிடி. மிஷினோட வாய்க்கு முன்னாடி தொட்டி இருக்கே, அது இந்தக் குச்சியைவிட ஒரு சாண் நீளமா இருக்கணும். முழுக் கையையும் உள்ள விட்டாலும் விரல் கத்தியைத் தொடக் கூடாது. அவருக்கு எட்டலேன்னா எனக்கும் எட்டாது.

— உங்களுக்கா? நீங்களா கொப்பு போடப் போறீங்க?

— அவரு வாரித் தள்ளுவாரு, நான் அரைப்பேன். பின்ன யாரு செய்வா, தரகரா?

— இவ்வளவும் நடந்த பிறகு அது பக்கத்துல நிக்க உங்களுக்குப் பயமா இல்லியா?

— பயமாத்தான் இருக்கு. நேத்து தார்ப்பாயைப் போத்தறதுக்குள்ள ரெண்டு தடவை வெளிய வந்து உக்காந்துட்டேன். அதுக்காகத் தோப்பை விட்டுக் குடுக்க முடியுமா? நட்ட மரம் ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். அந்த மனுஷனைச் சுவத்தைப் பாக்க விட்டுட்டு நான் சும்மா உக்கார மாட்டேன்.

— சரி... தொட்டியை நீட்டறது பெரிய காரியம் இல்ல. தகடு இருக்கு.

— நிறுத்துற கம்பியும் மாறணும். இப்ப வாய்க்கு நேரா இருக்கு. ஈரக் கொப்பு ஒவ்வொண்ணும் அதுல இடிச்சு மிஷின் நிக்குது. கிளையை உருவி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி நின்னு... பொழுது போறதே தெரியாது, குவியல் மட்டும் குறையாது. அந்த எரிச்சல்லதான் மனுஷிக்குப் புத்தி கெட்டுப் போகுது. கொப்பு பட்டா நிக்கக் கூடாது. ஆள் பட்டா நின்னே ஆகணும்.

— அப்ப கம்பியைத் தொட்டி உதட்டுக்குக் கீழ, இடுப்பு உயரத்துல இறக்கணும். மேல ஒரு சாய்வுத் தகடு குடுத்தா கொப்பு அதுல வழுக்கிப் போயிடும். உடம்பு சாய்ஞ்சா மட்டும்தான் கம்பி அழுங்கும்.

— அதைத்தான் சொல்றேன். கட்டணும்னு யாருக்கும் தோணவே கூடாது. தோணினாலும் முடியக் கூடாது.

— கம்பியைச் சுத்தித் தகட்டால மூடி வெல்டு வெச்சுடலாம். கயிறு நுழைய இடமே இருக்காது.

— எத்தனை நாள் ஆகும்?

— டில்லருக்கு நாலு, மிஷினுக்கு மூணு. கையில இருக்கிற வேலையைத் தள்ளி வெச்சா ஒரு வாரத்துல முடிச்சுடுவேன்.

— தள்ளி வெக்கறியா?

— வெக்கறேன். அண்ணனை வெள்ளிக்கிழமை இங்க கூட்டிட்டு வாங்க. பிடி உயரம் அவரு நின்னாத்தான் தெரியும்.

— நீயே வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போ. உன்னைப் பாக்கணும்னு இருக்காரு.

— வர்றேன் அண்ணி. வந்து அவரு கால்ல விழுந்தாவது... சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை ஓட்டிப் பாத்துட்டு, ஏதாவது கயிறு கட்டியிருந்தா அவிழ்த்துட்டு, ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரிபாத்துட்டுத்தான் உங்க கொட்டகையை விட்டுக் கிளம்புவேன். இது சத்தியம்.

— போன தடவையும் அவிழ்த்துட்டுத்தான் போன, தம்பி. போன வாரம் உங்க அண்ணன்கிட்ட சொன்னதை உன்கிட்டயும் சொல்லிடறேன். அவிழ்த்து, அழகாச் சுருட்டி, கொட்டகை ஆணியில மாட்டிட்டுப் போன. மறுநாள் காலையில ஈரக் கொப்பு இடிச்சு நாலு தடவை மிஷின் நின்னுச்சு. அஞ்சாவது தடவை, அவரு தண்ணி குடிக்கப் போயிருந்தப்போ, அந்த ஆணியிலேர்ந்து கயிறை எடுத்துக் கம்பியைக் கட்டினது நான்.