தராசம்மாவின் பெயரை அந்தக் கூடத்துக்கு வைக்காதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, முதல் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவரே, மகளே! உங்கள் அனைவரையும் துக்கத்தோடு வணங்குகிறேன். கொஞ்சம் கோபத்தோடும் வணங்குகிறேன்.

இந்தப் பள்ளியின் செவிலியர், பத்தொன்பது ஆண்டுகள் நம் மருத்துவ அறையைக் கட்டிக் காத்தவர், பிள்ளைகள் வைத்த பெயரில் சொன்னால் தராசம்மா, பத்து நாட்களுக்கு முன் நம்மை விட்டுப் போனார். எனக்கு முன் பேசியவர்கள், அவர் சாது, அமைதியே உருவானவர், யார் மனமும் நோகாமல் நடந்தவர் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவரோடு பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் நான். என் மனத்தை வாரம் ஒருமுறையாவது நோகடித்திருக்கிறார். தாளாளர் அவர்களின் மனத்தை மாதம் ஒருமுறை தவறாமல் நோகடித்திருக்கிறார்.

தாளாளர் அவர்கள் சற்று முன் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். நம் மைதானத்தின் பாதியில் எழப்போகிற கணினிக் கூடத்துக்கு, நாற்பது இருக்கையும் நாற்பது திரையும் கொண்ட அந்தக் கூடத்துக்கு, அம்மையாரின் பெயர் சூட்டப்படும் என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். உங்கள் கையில் இருக்கும் இரங்கல் தீர்மானத்தில் அது இரண்டாவது பத்தி. அந்தத் தீர்மானத்தை வழிமொழியத்தான் என்னை மேடைக்கு அழைத்தார்கள். வழிமொழிவதற்கு முன் சில சங்கதிகளைச் சொல்லியாக வேண்டும். அதில் ஒன்று எனக்கே தலைகுனிவானது.

ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்கு எடை பார்ப்போம். இதே அரங்கில்தான் தராசை வைப்பார்கள். ஓரமாக மேசை போட்டு நான் பதிவேட்டோடு உட்காருவேன். அம்மையார் முள்ளைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். நாற்பது பேரை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவோம். அந்த வேகத்தில் எங்களுக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு பிள்ளையின் எண் மற்ற முப்பத்தொன்பது பேர் காதிலும் விழுகிறதே என்று எங்கள் இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பின் முறை. ஒரு சிறுமி தராசில் ஏறினாள். அம்மையார் எண்ணைச் சொன்னார். நான் பேனாவை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ ஏறும்மா, தராசு பயந்துபோய்த் தப்பா காட்டுது" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமியும் சிரித்தாள். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலை என்னிடம் வந்தார். "சார், நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க."

"அட, விளையாட்டுக்குச் சொன்னதுங்கம்மா. அவளே சிரிச்சாளே."

"சிரிக்கலன்னா அழணும். அத்தன பேர் முன்னாடி எப்படி அழுவா?"

நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தைக்காக வாத்தியார் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் விளையாட்டு வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். தலைவலி என்பாள், கால் வலி என்பாள். அடுத்த முறை எடை பார்க்கும் நாளில் பள்ளிக்கே வரவில்லை. அம்மையார் முகவரியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார், அம்மா தையல் கூடத்தில் வேலை செய்கிறார். பள்ளி விட்டதிலிருந்து இரவு எட்டு வரை அந்தப் பெண்ணும் ஒரு கைப்பேசியும்தான் வீட்டில். அம்மையாரிடம் அந்தக் காலத்தில் மனப்பாடமாக ஓர் அறிவுரை உண்டு. போனை வாங்கி வையுங்கள், எடை தானாக இறங்கும் என்பார். அதையே அங்கும் ஒப்பித்தார்.

அப்பா கேட்டார்: "போனப் புடுங்கிட்டா இவ எங்க போவா சிஸ்டர்? கீழ இறங்குனா ரோடு. அந்த ரோட்லதான் நானே பஸ் ஓட்டுறேன். அங்க எம் பொண்ண விளையாட விட எனக்கே பயமா இருக்கு."

அம்மையார் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அப்படி என்னதான் இருக்கு அந்தப் போன்ல?"

"ஒண்ணும் இல்ல மிஸ். ஆனா அது என்னப் பாத்துச் சிரிக்காது."

இதை அம்மையார்தான் என்னிடம் வந்து சொன்னார். திரை பார்த்தால் உடம்பு போடும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் அவர். நாங்கள் சிரித்தோம், அதனால் அவள் அறைக்குள் போனாள், அங்கே திரை இருந்தது, எடை இன்னும் ஏறியது. எங்கிருந்து தொடங்கியது என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் அம்மையார் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். "எடை பாக்குற அன்னைக்கு ஒரு தப்பு நடந்தது. ஒருத்தர் உடம்ப வச்சு எல்லாரும் சிரிச்சோம். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க." பெயர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை.

பெரியோர்களே, தப்பு அவருடையது அல்ல. என்னுடையது. ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, பதினோரு ஆண்டுகளாகவும் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன். அந்தப் பெண் இங்கே வந்திருக்கிறாளா என்று யாரும் தலையைத் திருப்பித் தேட வேண்டாம். இருந்தாலும் காட்டித்தர மாட்டேன். அம்மா, நீ எங்கே இருந்தாலும் என்னை மன்னித்துவிடு.

அன்றோடு தராசு மருத்துவ அறைக்குள் போனது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, முள்ளுக்கு முதுகு காட்டி ஏற வேண்டும், எண்ணை உறையில் போட்டு ஒட்டிப் பெற்றோருக்கு அனுப்புவார். ஒரு வகுப்புக்கு இரண்டு நாள் ஆனது. என் பாடவேளை போகிறதே என்று நான் குதித்தேன். "கணக்கு எங்கயும் ஓடிப்போயிடாது சார்" என்று கதவைச் சாத்திவிட்டார். பதிவேட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தார். நேற்றுப் பள்ளி விட்டபின் எங்கே இருந்தாய்? கூட யார்?

அந்த இரண்டாவது கேள்வியை உலகத்தில் வேறு எந்தச் செவிலியராவது கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. விடைகளைக் கூட்டிக் கொடுத்தது நான். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர். இருபத்தாறு பேர் மூன்று மணி நேரத்துக்கு மேல் திரையின் முன். அவர்களில் இருபத்தொரு பேர், கூட யாரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். தூக்கம், தீனி, பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு, ஒன்றின் மேல் மட்டும் பழி போடக்கூடாது என்பார் அம்மையார். ஆனால் நம் பதிவேட்டில் எடை வேகமாக ஏறியது அந்த இருபத்தொரு பேருக்குத்தான்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் அனுப்பினோம். பிறகு பெற்றோர் கூட்டத்தில் பிள்ளை எந்நேரமும் கைப்பேசியில் இருக்கிறான் என்று கடிந்துகொண்டோம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதானே? நான்கு மணிக்கு மைதானத்தைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் ஓடுவதில்லை என்று மேடையேறி வருத்தப்பட்டது யார்? நாம்தானே?

அம்மையார் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். மாலை ஆறு வரை மைதானம் வேண்டும் என்றார். ஒரு பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று தாளாளர் கேட்டார்கள். "நான் எழுதித் தரேன்" என்று அங்கேயே காகிதம் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மைதானத்தில் உட்கார்ந்தார். விசில் கிடையாது. அணி பிரித்து, வேண்டாதவரைக் கடைசியில் நிறுத்துவது கிடையாது. ஓடுகிறவர் ஓடலாம், நடக்கிறவர் நடக்கலாம். கைப்பேசியை யாரிடமும் பிடுங்கவில்லை. "பையில கிடக்கட்டும், பசிச்சா அதுவே கத்தும்" என்பார். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். போன மாதம் நூற்று நாற்பது பேர்.

ஊர்ப் பிள்ளைகளின் எடையைப் பார்த்தவர் தன் எடையைப் பார்க்கவில்லையே என்று இறுதி ஊர்வலத்தில் ஒருவர் முணுமுணுத்தார். என் காதுபடத்தான். அவருக்குச் சொல்கிறேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அம்மையாரின் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. ஐம்பது அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். வாழ்நாளில் ஓடியே பார்க்காத ஒரு பெண், தினமும் இரண்டு மணி நேரம் வெயிலிலும் தூறலிலும் உட்கார்ந்து மற்றவர் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தார். அவர் உடம்பைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவர் இறந்த மறுநாளே மைதானத்தின் கதவில் பூட்டு விழுந்தது. பொறுப்பேற்றவர் இல்லாததால் மூடப்பட்டுள்ளது என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நேற்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "சாயங்காலம் எங்கம்மா இருந்த?" "வீட்லதான் சார்." "கூட யாரு?" கைப்பேசியை எடுத்துக் காட்டினாள்.

இப்போது சொல்லுங்கள். அந்த மைதானத்தைத் தோண்டி எழுப்புகிற சுவரில் யார் பெயரை எழுதப் போகிறீர்கள்? அம்மையாரின் கணவரிடம் நேற்று இதைச் சொன்னேன். "அவ பேர அங்க எழுதுனா, அவளே வந்து சுரண்டி எடுத்துடுவா சார்" என்றார்.

நான் கணினிக்கு எதிரி அல்ல. கூடம் கட்டுங்கள். மேல்மாடியில் மூன்று அறைகள் உடைந்த பெஞ்சுகளோடு பூட்டிக் கிடக்கின்றன, அங்கே கட்டுங்கள். தீர்மானத்தின் முதல் பத்தியில் அம்மையார் ஒப்பற்ற சேவை செய்தார் என்று இருக்கிறது. அது உண்மை. அதை வழிமொழிகிறேன். இரண்டாவது பத்தியை நான் வழிமொழிய மாட்டேன். கூட்டக் குறிப்பில் என் பெயரோடு அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தாளாளர் அவர்களே, என் கையில் இருப்பது புதிய பொறுப்புக் கடிதம். நான்கு மணி முதல் ஆறு மணி வரை மைதானத்தில் நடப்பது எதுவானாலும் கணக்கு வாத்தியார் பொறுப்பு. கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே நூற்றுப் பதினேழு பெற்றோரின் கையெழுத்து. அவருடைய இரண்டு கேள்விகளையும் நான் கேட்பேன், விடையைக் கூட்டுவேன், ஆண்டுதோறும் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைப்பேன். இதற்காக என்னை உங்கள் வேறு கிளைப் பள்ளிக்கு மாற்றினால் மாற்றுங்கள், அங்கேயும் ஒரு மைதானம் பூட்டித்தான் கிடக்கும். அங்கேயும் எழுதித் தருவேன்.

மணி நான்காக இரண்டு நிமிடம் இருக்கிறது. கதவின் முன்னால் பிள்ளைகள் பையோடு நிற்கிறார்கள். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துங்கள். எனக்கு மட்டும் அதற்கு நேரமில்லை. ஐயா, கடிதத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.