பலகையின் வெள்ளை

இந்த அறைக்குப் பெயின்ட் அடித்தவர் மூலைகளில் அவசரப்பட்டிருக்கிறார். உங்கள் தலைக்கு மேலே பாருங்கள், பிரஷ் போன தடம் அப்படியே தெரிகிறது. என் வீடாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் மாடியில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். கீழ்ப்பகுதி வாடகைக்கு. மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவள் படியிறங்கி மூன்று வருடமாகிறது. கீழே ஆறு வருடமாக ஒரு தையல்காரம்மா இருந்தார். வாடகை ஒருநாள் தள்ளிப்போனதில்லை. அவரைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஒரே ஒரு தப்புதான் செய்தார். மெஷின் போட்டிருந்த சின்ன அறைக்கு என்னைக் கேட்காமல் பச்சை அடித்துவிட்டார். வெள்ளைச் சுவரில் விளக்கு பட்டுக் கண் கூசுகிறதாம்.

தன் மகளுக்கு எட்டாம் மாதம் என்று, அவள் இருக்கும் ஊரிலேயே வீடு பார்த்துவிட்டுக் காலி செய்வதாகச் சொன்னார். என்னிடமிருந்து வாங்கும் அட்வான்ஸைத்தான் அங்கே கொடுக்க வேண்டும். மாதக் கடைசி தாண்டினால் அந்த வீடு கைவிட்டுப் போய்விடும். பணம் என் பீரோவில் தயாராகத்தான் இருந்தது. அடுத்தவர் காசுக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை நான். "சுவரைப் பழையபடி ஆக்கிட்டு வாங்கிக்கோங்கம்மா" என்றேன். நியாயம்தானே?

என்னிடம் ஒரு பலகை உண்டு. வீடு கட்டியபோது சுவருக்கு அடித்த அதே வெள்ளை எனாமலை ஒரு சாண் பலகையில் அடித்து, துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். யார் காலி செய்தாலும் அதைச் சுவரோடு ஒட்டிப் பார்ப்பேன். வாய்ச்சண்டைக்கு வேலையே இல்லை, பலகை சொல்லிவிடும்.

முதல் தடவை அவர் ஒரு பெயின்டரை வைத்து அடித்தார். பலகையை வைத்தேன்; நிறம் சேரவில்லை. வேறு டின் வாங்கி இன்னொரு தடவை அடித்தார். அதுவும் சேரவில்லை. பெயின்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இருட்டுல கெடந்த எனாமல் மஞ்சளாயிடும். இந்தப் பலகைக்கு எந்த டின்னும் சேராது. பாவம் சார், அந்தம்மாவ விட்டுடுங்க."

"நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. போன குடித்தனக்காரர் காலத்திலேயே தெரியும். ஆனால் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் பிறகு அந்தப் பலகைக்கு என்ன மரியாதை?

மூன்றாவது தடவை ஆள் வைக்க அவரிடம் வழியில்லை. தானே பிரஷ்ஷை எடுத்தார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு.

"ஜன்னலத் திறந்து வெச்சுக்கறேண்ணா, எனக்கு இந்த நெடி ஆகாது" என்றார்.

தெருவெல்லாம் புழுதி. ஈரத்தில் ஒட்டினால் அவர்தான் திரும்ப அடிக்க வேண்டும். அவர் நல்லதுக்காக ஜன்னல் இடுக்குகளில் நானே டேப் ஒட்டினேன். அவருடைய துணிப்பையில் பெயின்ட் தெறிக்குமே என்று அதை எடுத்து வாசல் நாற்காலியில் வைத்தேன். மூச்சு மருந்து அந்தப் பையில்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். அந்த அறைக் கதவு காற்றில் திறந்து சுவரில் இடிக்கிற கதவு. அதனால் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சாப்பிட மாடிக்குப் போனேன்.

இரண்டு மணி இருக்கும், தட்டுகிற சத்தம் கேட்டது.

"கீழ யாரோ தட்டுறாங்க" என்றாள் மனைவி.

"காத்துல ஜன்னல் அடிக்குது."

"ஜன்னலத்தான் ஒட்டிட்டு வந்தேன்னீங்க."

நான் தண்ணீர் குடித்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தட்டின் மேல் குனிந்துகொண்டாள். சத்தம் வேகமாகக் கேட்டது, பிறகு விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. ஈரச் சுவரில் கை படுகிறதோ என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

நான்கு மணிக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவோரத்தில் சாய்ந்து கிடந்தார். உயிர் இல்லை. பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். இழுப்பு உள்ளவர் தனியாகப் பெயின்ட் அடிக்கலாமா என்று எல்லோரும் அவரைத்தான் குறை சொன்னார்கள். நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை.

பத்தாம் நாள் மகள் வந்தாள், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. அட்வான்ஸ் பணம் வைத்த உறையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள்.

"கொறையுதே?"

"கதவோரம் சுவர்ல கை பட்டிருக்கும்மா. அதுக்குப் பிடிச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தாள். அந்தத் தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். "ஒரு தடவ பட்ட கை இல்லீங்க இது. இங்க ஊனிக்கிட்டு, இன்னொரு கையால கதவத் தட்டியிருக்காங்க" என்றாள். பிறகு வெளித் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "இது போட்டிருந்துச்சா?"

"ஆமாம்மா, காத்துக்காக" என்றேன். எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை.

உறையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். "அந்தச் சில்லறையப் பிடிக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்று மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கே அந்த இடத்தில் வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் ஐந்து விரலும் மேலே வந்தன. நான்கு தடவை அடித்துவிட்டேன். மத்தியானம் இரண்டு மணியானால் தட்டுகிற சத்தம். மனைவி அப்போது காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆகவே அது எனக்கு மட்டும் கேட்கிற சத்தம் இல்லை. பயமாக இருக்கிறது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

நேற்று பலகையை எடுத்துப்போய் அந்தத் தடத்தின் மேல் வைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நிறம் அப்படியே சேர்ந்தது.

இனி எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்டது நான். தட்டுவது யார், எதற்கு என்று தெரிந்தேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போயிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அட்வான்ஸில் ஏமாற்றியதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த இடம் பலகையோடு சரியாகிவிட்டதால், பிடித்த தொகையையும் உறையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.