வாங்குபவன் தேர்ந்தெடுக்கக் கூடாது

ஹலோ… மணி பதினொண்ணு நாப்பது. பன்னெண்டு வரைக்கும்தான் கடைக்காரர் எடுத்து வைப்பாராம்… நான்தான்… ஆமா, புது நம்பர். பழசு உங்க அக்கா பேர்ல இருந்துச்சு. குடுத்துட்டேன்… நேத்து சாயங்காலம்.

பேசலாமா?… அஞ்சு நிமிஷம் போதும்.

கம்ப்யூட்டர் கடையில நிக்கிறேன் மாப்ள. வழக்கமா வர்ற நம்ம கடைதான். கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு, ரெண்டு பெட்டி, கவுண்டர் மேல இருக்கு. ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு… ஆமா, ரெண்டு கம்பெனியோட பெரிய கார்டும். ரெண்டுமே கடைசி பீஸ். பன்னெண்டு மணிக்கு இன்னொருத்தர் வர்றாராம். நான் எத விடறேனோ அத அவர் எடுத்துக்குவார்…

தெரியும். நேத்துதான் நானும் உங்க அக்காவும் கோர்ட்டுல கையெழுத்து போட்டோம், இன்னைக்கு கார்டு வாங்க வந்து நிக்கிறான் பாருன்னு நினைப்ப… நினைக்கலியா. சரி.

ரெண்டு நாள் லீவு போட்டிருந்தேன். ஒரு நாள்ல முடிஞ்சிடுச்சு. இன்னைக்கு என்ன பண்றதுன்னு தெரியல…

வேலைக்குப் போயிருக்கலாம். போனா லென்ஸ் தேய்ச்சிட்டு உக்காந்திருக்கலாம். கண்ணாடிக் கடையில எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க மாப்ள. அவங்க தொழில் அது.

சரி, கேளு. நீதான் சொல்லணும்… ஏன்னா வாங்கறது நான். வாங்கறவன் முடிவு பண்ணக் கூடாது. ஒம்போது வருஷமா அதானே… நீ போட்ட சட்டம்தான். உனக்கு ஒண்ணு வாங்கினோம், எனக்கு ரெண்டு. உன்னோடத நான் சொன்னேன், என்னோடத நீ சொன்ன. அப்பதான் அப்புறம் திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கும்ன… ஆமா ஆமா. நல்லாவே திட்டின. ஒரு மாசம்.

என்ன சொன்ன?… இல்ல, அதுக்கு முன்னாடி. ‘அண்ணே’ன்ன… பரவால்ல. எதையாவது சொல்லித்தானே கூப்பிடணும். அத்தான்னு இனிமே கூப்பிட முடியாதுல்ல… கோவமெல்லாம் இல்ல. காதுல விழுந்துச்சு, சொன்னேன். நான் மாப்ளன்னே கூப்பிடறேன். உன் பேரச் சொன்னா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு.

சரி. பச்சை. மெமரி பதினாறு. வெளிச்சம், நிழல், தண்ணியில தெரியற பிம்பம், அதெல்லாம் இதுலதான் நல்லா வருமாம். சிவப்பு. மெமரி இருபத்துநாலு. அந்த வெளிச்ச வேலையெல்லாம் அணைச்சுட்டா சும்மா பறக்குமாம்… படிச்சேன். நாப்பது வீடியோ பாத்தேன். இருபது பேர் பச்சைங்கறான், இருபது பேர் சிவப்புங்கறான்… வாடகை ரூம்ல வேற என்ன வேலை.

பனியா? ரெண்டுலயும் பனி வரும் மாப்ள. வெள்ளையாத்தான் வரும்.

கேமுல நம்ம லாரி இன்னும் அந்த மலைப்பாதையிலதான் நிக்குது. நாலு மாசமா. பின்சக்கரம் ரெண்டும் பனிக்குள்ள. டீசல் கால் டேங்க். மேப் பாக்கறேன்னு சொல்லிட்டு தப்பான வளைவுல திருப்பச் சொன்ன… சரி, திருப்பினது நான். சொன்னது நீ.

அப்புறம்… செவ்வாக்கிழமை நீ கேமுக்குள்ள இருந்தல்ல. ஆப்புல பாத்தேன். உன் பேர் பக்கத்துல பச்சை லைட் எரிஞ்சுது. ஒண்ணேகால் மணி நேரம்… இல்ல, யார்கூட விளையாடினன்னு கேக்கல. சும்மா பாத்தேன்.

விடு. ஒரு அளவு வேணும். நீ அங்க வீட்டுலதானே இருக்க?… என் கம்ப்யூட்டர் கேபினட்ட அளக்கணும். பச்சைக் கார்டு முன்னூத்து முப்பத்தாறு மில்லிமீட்டர் நீளம். சிவப்பு இருநூத்து எண்பத்தேழுதான்… உள்ளுக்குள்ள அளக்கணும்டா. நான் போன தடவை அளந்த மாதிரி வெளிய இல்ல.

சிரி. சிரி… தொழில்ல அரை மில்லிமீட்டர் தப்பினா லென்ஸ் பிரேமுல நிக்காது. அவ்வளவு பாத்துப் பாத்துத் தேய்க்கறவன், வீட்டுல கேபினட்ட வெளிப்பக்கமா அளந்துட்டு வந்து கார்டு வாங்கினேன். நீ ரம்பம் எடுத்து உள்ள இருந்த தகரத்த அறுத்த. உங்க அக்கா டார்ச் பிடிச்சா… ஆமா. அவதான் பிடிச்சா. நீ பிடிக்கல. உன் ரெண்டு கையிலயும் ரம்பம்.

தையல் மெஷின் இருக்குல்ல, அதுல மேல் டிராயர்ல அளக்கற டேப்பு இருக்கும். மஞ்சள் டேப்பு… இருக்கா. ரெண்டாவது ரூமுக்குப் போ. மேசைக்கு மேல…

இல்லியா.

எங்க இருக்கு?… வாசல்லயா. செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல… அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டிட்டாளா… எப்போ?… போன வாரமே. சரி… சரி.

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

பிரி. ஒட்டின டேப்ப மெதுவாப் பிரி, திரும்ப ஒட்டணும்… மேல ஏதாச்சும் எழுதியிருக்காளா?… ‘கண்ணாடி. மெதுவா.’… ம். கேபினட்டுக்கு ஒரு பக்கம் கண்ணாடிதானே. அதான்.

எதுல சுத்தியிருக்கா?… நீலப் போர்வையா. அது நல்ல போர்வையாச்சே… பழசு நாலு இருக்குமே வீட்டுல… தெரியல. எனக்கு எப்படித் தெரியும்.

ஒயர்ல எல்லாம் சீட்டா… படி… ‘மானிட்டர்’. ம். ‘கீபோர்டு’. ம். ‘கரண்டு’. ம்… அந்தக் கடைசியில?… ‘தெரியல’ன்னே எழுதியிருக்காளா… அது ஸ்பீக்கர்.

சரி, கண்ணாடியக் கழட்டு. பின்னாடி ரெண்டு திருகு, கையாலயே வந்துடும். போர்வை மேல படுக்க வை, தரையில வேணாம்… இப்ப அள. பின்பக்கத் தகரத்துல ஆரம்பிச்சு முன் ஃபேன் வரைக்கும். ஃபேனச் சேக்காத. ஃபேன் வரைக்கும்… டேப்ப இழுத்துப் பிடி, அது துணி டேப்பு, தொங்கும்.

எவ்வளவு?… முப்பத்திமூணு. சரியா முப்பத்திமூணா?… அப்ப முன்னூத்து முப்பது. பச்சைக்கு ஆறு பத்தல.

ஆறு மில்லிமீட்டர்தானேன்னு சொல்லாத. என் வேலையில ஆறு மில்லிமீட்டர்னா அது வேற ஆளோட கண்ணாடி.

முன் ஃபேன் ஒண்ணக் கழட்டினா இருபத்தஞ்சு கிடைக்கும். கார்டு உள்ள போயிடும். ஆனா சூடாகும்… சிவப்பு தாராளமாப் போகும், ஆனா கரண்டு. உள்ள கீழ கறுப்பா ஒரு டப்பா இருக்குல்ல, எஸ்எம்பிஎஸ், அதுல என்ன போட்டிருக்கு பாரு… எழுநூத்தம்பது வாட்தானே. சிவப்புக்கு எண்ணூறு வேணும்னு பெட்டியில போட்டிருக்கு. பச்சைக்கு எழுநூத்தம்பது போதும். பச்சைக்கு இடம் பத்தல, சிவப்புக்கு கரண்டு பத்தல.

ரூம்லயா? ரூம்ல ஒரே பிளக். இஸ்திரிப் பெட்டி போட்டா லைட்டு போயிடுது. கீழ ஹவுஸ் ஓனர், சுவிட்சு அவர் வீட்டுக்குள்ள. ஒவ்வொரு தடவையும் போய் கதவத் தட்டணும். சட்டையக் கசங்கலாவே போட்டுக்கறேன்… நேத்து கோர்ட்டுல பாத்தியா. கவனிச்சிட்டியா. சரி.

யாரு?… அவ வீட்டுலயா இருக்கா. ஆபீஸ் போகலியா?… அவளும் ரெண்டு நாள் போட்டிருந்தாளா.

ம்.

இல்ல, போன அவகிட்ட குடுக்காத. வேணாம்… கேக்கறாளா. சரி. குடு.

ம். நான்தான்… ஒண்ணுமில்ல, ஒரு அளவு கேட்டேன்… நான்தான் பிரிக்கச் சொன்னேன். அவனத் திட்டாத. திரும்ப ஒட்டிடுவான்… ஞாயித்துக்கிழமையா. சரி, வண்டி எடுத்துட்டு வர்றேன்… பத்து மணி. நீ இருக்க மாட்ட. சரி… சரி, அவன் இருந்தாப் போதும்… சீட்டெல்லாம் பாத்தேன். இல்ல, பாக்கல, அவன் படிச்சான்… அது ஸ்பீக்கர்… பரவால்ல, நான் கண்டுபிடிச்சிருப்பேன்.

போர்வையத் துவைச்சுக் குடுத்துடறேன்… வெச்சுக்கவா?… ரூம்ல ஒண்ணு இருக்கு. கால் வரைக்கும் வராது… சரி. வெச்சுக்கறேன்.

சாப்பிட்டேன்… சாப்பிட்டேன்னு சொல்றேன்ல. நீ?… ம்.

எந்தக் கார்டுன்னு தெரியல. உன் தம்பிதான் சொல்லணும்… ஆமா. இன்னும் அந்தச் சட்டம்தான்… ஆமா, சின்னப் பசங்கதான்… ஆமா… சரி. குடு அவன்கிட்ட.

ம். மாப்ள… போயிட்டாளா?… கதவச் சாத்திக்கிட்டாளா. சரி.

சரி, சொல்லு. எது?

என்ன?… ம்… ம்… கேக்குது, சொல்லு… ம்.

இனிமே என்கூட விளையாட வர மாட்டியா… இல்ல மாப்ள. தப்பா நினைக்கல. அவ உன் அக்கா. நீ ஒரு பக்கம்தான் நிக்க முடியும். நில்லு. இந்தப் பக்கம் வான்னு நான் கூப்பிடல… விட்டுடச் சொல்லி யாரு கேட்டாங்க? அவளா?… அவ ஒண்ணும் சொல்லலியா. நீயாத்தான்… சரி. நீயா யோசிச்சதுன்னா சரியாத்தான் இருக்கும்.

அப்ப செவ்வாக்கிழமை?… லாரியவா. தனியாவா எடுக்கப் பாத்த?… ஒண்ணேகால் மணி நேரமும் அதுதானா.

வந்துச்சா?

…வராது. தனியா வராதுடா. ஒருத்தன் ஸ்டியரிங்ல உக்காரணும், ஒருத்தன் இறங்கிக் கம்பி கட்டி இழுக்கணும்… டீசல் எவ்வளவு இருக்கு?… அரைக்கால் டேங்க். சரி. எரிச்சிருக்க… இல்ல, திட்டல. பனியில அப்படித்தான் குடிக்கும்… எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்… ஆமா, நம்பர் மாறிடுச்சு. இல்ல, அப்ப பழைய நம்பர்தான்… சரி. விடு.

ஒரு நிமிஷம் சார். அளவு கேட்டுட்டிருக்கேன்… கேட்டாச்சு சார், முடிவு சொல்லணும்ல… ஒரே நிமிஷம்.

கடைக்காரர் மாப்ள. கடிகாரத்தக் காட்டறார். அந்த ஆளு வந்துட்டாரு போல. கையில ஹெல்மெட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு பெட்டியையும் மாத்தி மாத்திப் பாக்கறார். அவருக்கு எதுவானாலும் சரி. முகத்தப் பாத்தாலே தெரியுது.

என்ன?… நானே பாத்துக்கணுமா.

பாத்துக்கலாம். நாப்பது வீடியோ பாத்தவனுக்கு ஒரு பெட்டியக் கை காட்டத் தெரியாதா. ஃபேனக் கழட்டறதா, டப்பாவ மாத்தறதான்னு இந்தக் கடைக்காரரக் கேட்டாலே சொல்லிடுவாரு… அதுக்குக் கேக்கல மாப்ள. நானே எடுத்தேன்னு வை. நாளைக்கு ஆட்டம் திக்கித் திக்கி ஓடுது, நான் யாரத் திட்டறது? ரூம்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

விளையாட வர வேணாம். அண்ணேன்னே கூப்பிடு. ஞாயித்துக்கிழமை பெட்டிய ஒரு பக்கம் பிடிச்சு வண்டியில ஏத்து, போதும். வண்டி பின்னால வந்து இறக்கக்கூட வேணாம், நான் தூக்கிக்குவேன். இந்த ஒண்ண மட்டும் சொல்லு…

என்ன சத்தம் அது?… டேப்பா. ஒட்டறியா பெட்டிய… ஒட்டாத. இருக்கட்டும், கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும். இன்னொரு தடவை அளக்க வேண்டி வரலாம்.

மாப்ள… அந்த டேப்பக் கீழ வை… நான் போன வைக்க மாட்டேன். அவர் நின்னுட்டுப் போகட்டும். நீ சொல்லு.

பச்சையா, சிவப்பா?